விழாக் கோலமும் அலுவல் மடலும்

பொங்கலும் கிறித்துமசும் நெருங்கும் வேளையில் நமக்கு வரும் மின்னஞ்சல்களும் புத்தாடை புனைந்துகொள்கின்றன. ஓரத்தில் கரும்பு, தலைப்பில் கோலம், பின்னணியில் பனித்துகள். இவற்றை அனுப்புவோர் வரைவதில்லை. கணிப்பொறி ஆயத்தமாக ஒரு சட்டத்தைத் தருகிறது. நாம் அதனுள் சொற்களை இடுகிறோம். இதனை வார்ப்புரு என்பர்.

மாணவர்களே, இவ்வழக்கம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1840 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், ஒரு பென்னிக் கட்டணத்தில் நாடெங்கும் மடல் விடுக்கும் முறை வந்தது. மடல்கள் பெருகின, மறுமொழி எழுதும் சுமையும் பெருகிற்று. 1843 இல் ஹென்றி கோல் என்னும் அரசு அலுவலர், ஜான் கால்கட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஓர் அட்டையை வரைவித்தார். நடுவே விருந்துண்ணும் குடும்பம். இருமருங்கும் ஏழையர்க்கு உணவும் உடையும் வழங்கும் காட்சி. கீழே அச்சிட்ட வாழ்த்து. பெறுவோர், விடுப்போர் பெயர்களுக்கு மட்டுமே வெற்றிடம். விலை ஒரு ஷில்லிங். விற்பனைக்கு வந்த முதல் கிறித்துமஸ் அட்டையாக இதனைக் கருதுவர். ஆயினும், படத்திலுள்ள சிறுமியும் மது அருந்துவதுபோல் வரைந்திருந்ததால் மதுவிலக்கு அன்பர்கள் அதனைக் கண்டித்தனர். அலங்காரமும் பேசும் என்பதற்கு இதுவே தக்க சான்று.

வாழ்த்து மடலுக்கு அழகு வேண்டும்; அதில் ஐயமில்லை. அலுவல் மடலுக்கோ தெளிவே முதற் கடமை. தேர்வு நாள் மாறியது என்னும் சுற்றறிக்கையை வண்ணப் படமாக்கி அனுப்பினால் என்ன நேரும்?

முதலாவது, சுமை. மின்னஞ்சல் எழுத்துகளைச் சுமக்கவே தோன்றியது. படத்தையும் எழுத்துக் குறிகளாக மாற்றி அனுப்பும் நெறி 1992 இல் வகுக்கப்பட்டது. இம்மாற்றத்தில் மூன்று பைட்டுகள் நான்கு குறிகளாகின்றன. எனவே 300 கிலோபைட் படம் 400 கிலோபைட்டாகிப் பயணம் செய்கிறது.

இரண்டாவது, கண்பார்வையற்றோர் இடர்ப்பாடு. அவர்கள் கணிப்பொறியிலுள்ள எழுத்தை ஒலியாக்கும் செயலியின் துணையால் படிக்கின்றனர். படத்துக்குள் பொதிந்த சொற்கள் அதற்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. பூவேலைக்காக ஒரு மாணவர் தேர்வையே இழக்கலாமா?

மூன்றாவது, எழுத்துரு. 1991 இல் வெளிவந்த யூனிகோடு முறையிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. எனினும் அழகெழுத்துருக்கள் சில பழைய குறியீட்டு முறைகளைப் பின்பற்றுவன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில், நம் தமிழ் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும்.

இன்னொன்றும் கூறுவேன். விழாக்கால வார்ப்புருவை அனைத்து மடல்களுக்கும் பொருந்துமாறு அமைத்துவிட்டு மறந்துவிடுவோர் உளர். அதே நாளில் வேலை மறுப்போ, இரங்கற் செய்தியோ அனுப்ப நேர்ந்தால், துயரச் சொற்களைச் சுற்றி மணிகள் ஆடும். பெறுபவர் நெஞ்சம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நான் கூறும் நெறி எளிது. செய்தியை எழுத்தாகவே எழுதுக, யூனிகோடில் எழுதுக. நாளும் நேரமும் இடமும் முதல் வரிகளில் நிற்கட்டும். படம் வேண்டுமாயின் சிறியதாக ஒன்று போதும். அது எதனைக் காட்டுகிறது என்பதை ஒரு வரியில் உடன் குறிப்பிடுக. அனுப்புமுன் ஒருமுறை, படத்தை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். செய்தி குறைவின்றி விளங்குமாயின் அலங்காரம் தன் எல்லையில் நிற்கிறது என்று பொருள். வாயிலுக்குக் கோலம் அழகு. ஆனால் வாயிலை அடைத்துக்கொண்டு எவரும் கோலமிடுவதில்லை.