இத்துப்போன தகடு
இரும்பும் உப்புக்காற்றும் – 9

பழைய லாரியில் எஞ்சினுக்கு முன்பே ஆயுள் முடிந்துபோவது தகட்டுக்குத்தான். எஞ்சினைப் பிரித்து, ரிங் மாற்றி, மறுபடி ஓட்டிவிடலாம். கேபின் தரை இத்துப்போனால் டிரைவரின் காலடியில் ரோடு தெரியும். கிளட்ச் பெடலின் தாங்கி ஆடும். மழைநீர் வயர்களின் மேல் தெறிக்கும். வடசென்னைத் துறைமுக வட்டாரத்தில் ஓடும் வண்டிகளுக்கு இந்த நிலை மற்ற ஊர் வண்டிகளைவிடச் சீக்கிரமே வந்துவிடுகிறது.

இந்த வட்டாரத்தின் கொருக்குப்பேட்டை கடலிலிருந்து மேற்கே சுமார் 2 கி.மீ. தொலைவில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிறது. சரக்கு யார்டு ஒருபுறம், எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசை ஒருபுறம், வடக்கே மணலி ஆலைகள். வண்டி ஓடினாலும் நின்றாலும் உப்புக்காற்று அதன் மேல் படிந்துகொண்டே இருக்கும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் போதும். உப்பு அந்த வேலையை முடுக்கிவிடுகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தை எட்டியதும் ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் பெரும்பாலான மாதங்களில் காலை நேர ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவதால், ஒரு சொட்டு மழை பெய்யாத நாளிலும் தகட்டின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரியும் இடங்களின் கந்தகப் புகை அந்தப் படலத்தை அமிலமாக்குகிறது.

பிறந்த துருவும் சும்மா இருப்பதில்லை. தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடித்து உப்பும். பெயிண்ட் கொப்பளிப்பதும், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைத்த தகடுகள் பிளந்து விரிவதும் இதனால்தான். இந்த வேகத்தை அளப்பதற்கென்றே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், பல ஊர்களில் இரும்புத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, இந்தியாவின் அரிமான வரைபடத்தைத் தயாரித்தது. கடலோர ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் இடையே அதில் பெரிய வித்தியாசம் உண்டு.

நீர் நுழையும் வழி

துருவைப் பழுதுபார்ப்பதற்கு முன் நீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் மாற்றினால், புதுத் தகடும் அதே இடத்தில் அதே வேகத்தில் இத்துப்போகும்.

கேபினுக்குள் நீர் வரும் முதல் வழி முன்கண்ணாடியின் பீடிங் ரப்பர். வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பரின் கீழ்மூலைகளில் இறங்கும் நீர், டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து, ரப்பர் பாய்க்கு அடியில் போய்ச் சேரும். பாய்க்குக் கீழே ஸ்பாஞ்சோ சாக்கோ விரித்திருந்தால் அது மாதக்கணக்கில் காயாது. கதவின் கண்ணாடி இடுக்கில் இறங்கும் நீர் வெளியேறுவதற்கென்று கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. மண் அடைத்துக்கொண்டால் கதவே தொட்டியாகிவிடும். ஒரு குழாயை முன்கண்ணாடியின் மேல் பத்து நிமிடம் திறந்துவிட்டு, உள்ளே தரையில் பழைய நாளிதழைப் பரப்பிவைத்தால், முதலில் நனையும் தாள் நீரின் வழியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டி எந்தக் காலத்தது என்பதும் முக்கியம். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்டாக மாறிய எண்ணூர் ஆலை உட்பட, இந்திய லாரிக் கம்பெனிகள் நெடுங்காலம் எஞ்சினும் முன்முகப்பும் பொருத்திய சேஸை மட்டுமே விற்றன. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி போன்ற ஊர்களின் பட்டறைகள் அதன் மேல் மரச்சட்டம் கட்டித் தகடு அடித்து கேபினை முடித்தன. அந்த வகைக் கேபினில் மரம் ஈரத்தைக் குடித்துத் தகட்டோடு ஒட்டியே வைத்திருக்கும். ஆணித் துளைகளிலிருந்து துரு பரவும். முழுத் தகட்டில் செய்த ஆலைக் கேபினில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தகட்டை மடித்துச் செய்த பெட்டிச் சட்டங்களின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும்.

பாடியின் தரையைக் கெடுப்பது ஏற்றும் சரக்கு. காசிமேட்டு மீன் வண்டியில் ஐஸ் உருகி ஓடும் உப்புநீர், உர லோடில் சிந்தும் பொட்டாஷ், ஈர நிலக்கரியிலிருந்து கசியும் அமிலநீர் என ஒவ்வொன்றும் தன் வழியில் தகட்டைத் தின்னும். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. இரும்புக்கு அதுவும் கடல் உப்பும் ஒன்றுதான். 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப்பட்டபோது அந்தத் தூசி வண்டிகளின் இடுக்கெல்லாம் படிந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் அந்தச் சரக்கு எண்ணூருக்கு மாறியது. அதனோடு அந்தத் தொல்லையும் வடக்கே நகர்ந்தது.

சோதனை

பெயிண்ட் போர்த்திய தகட்டின் நிலை பார்த்தால் தெரியாது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இத்துப்போன இடம் மங்கிப்போய் ‘டொக்’கென்று சொல்லும். சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினால் பட்டியும் துருவும் உதிர்ந்து முனை மறுபுறம் வந்துவிடும். இரவில் கேபினுக்கு அடியில் விளக்கை வைத்து மேலிருந்து பார்த்தால் ஊசித்துளைகள் எல்லாம் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும்.

பார்த்ததை மூன்றாகப் பிரிக்கலாம். மேலே மட்டும் செம்மை படர்ந்திருந்தால் தேய்த்துப் பூச்சுப் பூசினால் போதும். குழிகுழியாக அரித்திருந்தாலும் தகடு கனமாக இருந்தால் துருவை நன்றாகச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துருமாற்றியைத் தடவலாம். எஞ்சிய துரு கரையாத உப்பாக மாறிப் பூச்சுக்கு அடித்தளமாகும். ஓட்டை விழுந்த இடத்திலும், அழுத்தினால் அமுங்கும் இடத்திலும் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

சேஸ் சட்டம் இந்தக் கணக்கில் சேராது. வண்டியின் முழு எடையையும் தாங்கும் அந்தச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் கண்டபடி வெல்டிங் வைத்தால் சூடு பட்ட இடத்தில் வலுக் குறைந்து பின்னாளில் விரிசல் விடும். சேஸில் துரு ஆழமாக இறங்கியிருந்தால் அதற்கெனத் தெரிந்த பட்டறையின் முடிவுக்குத்தான் விட வேண்டும்.

வெட்டும் முன்

டிங்கரிங் வேலையில் பெரிய ஆபத்து தீ. தரைக்கு மறுபுறம் டீசல் குழாய், பிரேக் குழாய், வயர் கொத்து எல்லாம் போகும். சீட், பாய், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபுறம் இருப்பதைக் கழற்றியோ ஒதுக்கியோ வைத்த பிறகே கிரைண்டரைத் தொட வேண்டும். பக்கத்தில் வாளி மணலும் நனைந்த சாக்கும் தயாராக இருக்க வேண்டும். பேட்டரியின் இரு கம்பிகளையும் கழற்ற வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததற்குப் பிந்தைய வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியின் இணைப்பையும் பிரித்துவைப்பது பாதுகாப்பு. வெல்டிங்கின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் தகட்டிலேயே, அருகில் மாட்ட வேண்டும்; தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.

ஒட்டுத் தகடு

பட்டறைகளில் அடிக்கடி நடப்பது, ஓட்டையின் மேல் பெரிய தகடு ஒன்றை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்து மூடிவிடுவது. ஒரே பொழுதில் முடியும், செலவும் குறைவு. ஆனால் பழைய துரு அடியிலேயே இருக்கும், இரு தகடுகளுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு உருவாகும். அந்த இடுக்கில் ஏறிய உப்புநீர் காய வழியில்லை. ஆக்ஸிஜன் குறைந்த அந்த உள்இடத்தில்தான் அரிப்பு வேகமெடுக்கும். அடுத்த மழைக்காலத்துக்குள் பழைய தகட்டோடு புதியதும் சேர்ந்து போகும்.

சரியான முறையில், துரு தெரியும் எல்லையைத் தாண்டி, இருபுறமும் பளபளக்கும் இரும்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். வெட்டின் மூலைகளை வளைவாக விட்டால் அதிர்வில் மூலையிலிருந்து விரிசல் கிளம்பாது. அட்டையை வைத்து வார்ப்புரு எடுத்து, மடிப்புக்கும் வளைவுக்கும் ஏற்ப அட்டையிலேயே மடித்துப் பார்த்த பின் தகட்டை வெட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம். கேபின் தரைக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகடு பொதுவாகப் போதும். பெடல் தாங்கியும் சீட் போல்ட்டும் வரும் இடத்தில் 16 கேஜ், 1.6 மி.மீ. வேண்டும். தரையின் நீளவாட்டுப் பள்ளங்கள் அழகுக்காகப் போட்டவை அல்ல. தகடு அதிராமல் விறைப்பாக நிற்க அவையே காரணம். ஒட்டுத் தகட்டிலும் அவற்றை அடித்து எடுக்க வேண்டும்.

மெல்லிய தகட்டுக்கு சி.ஓ.2 வெல்டிங்கும் 0.8 மி.மீ. கம்பியும் ஏற்றவை. சாதாரண ஆர்க் வெல்டிங் தகட்டை உருக்கி ஓட்டை போட்டுவிடும். கேஸ் வெல்டிங்கில் நல்ல கை இருந்தால் இணைப்பு மென்மையாக வரும்; ஆனால் 3,000 டிகிரியைத் தாண்டும் அந்தச் சுடர் அகலமாகச் சூடேற்றுவதால் தகடு நெளியும். எந்த முறையானாலும் முதலில் நான்கு பக்கமும் புள்ளிபுள்ளியாகப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒரு அங்குலம் இங்கே, அடுத்த அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்துப் போக வேண்டும். நடுநடுவே ஓரத்தில் ஈரத்துணி வைத்துச் சூட்டை இறக்குவார்கள். ஜி.ஐ. தகடு என்றால் ஓரத்தின் துத்தநாகத்தை முன்பே தேய்த்து எடுக்க வேண்டும். அது எரிந்து வரும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும்.

கதவு, மட்கார்டு, பக்கத் தகடுகளில் நீர் வடியும் திசையே விதி. ஓட்டு வீட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவதுபோல மேல்தகடு கீழ்த்தகட்டின் வெளியே படிந்திருக்க வேண்டும். அடைபட்ட வடிதுளைகளைத் திறக்க வேண்டும். பற்றவைப்பில் மூடிப்போனவற்றை மறுபடி துளையிட வேண்டும். அலுமினியத் தகட்டை இரும்பின் மேல் ரிவெட் அடிப்பதானால் நடுவே ரப்பரோ சீலன்ட்டோ தேவை. உப்புநீரில் இரு உலோகங்களும் நேராகத் தொட்டால் அலுமினியம் மாவாக உதிரும்.

பாடியின் தரை கனமான வேலை. இத்துப்போன பகுதியை அடியில் ஓடும் குறுக்குச் சட்டங்கள் வரை வெட்டி, புதுத் தகட்டின் ஓரங்கள் சட்டத்தின் மேலேயே உட்காரும்படி அளக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் ஓரம் லோடு ஏறியதும் வளைந்து பிளக்கும். தகட்டைத் தூக்கியதும் சட்டங்களையும், பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் உள்ள மரக்கட்டைகளையும், யூ போல்ட்டுகளையும் பார்த்துவிட வேண்டும். திரும்ப அவை கண்ணில் படச் சில ஆண்டுகள் ஆகும்.

பூச்சு

வடசென்னையில் பூச்சுக்கு முந்தைய கழுவல்தான் பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உப்பு தகட்டில் இருந்தால், அது பெயிண்டின் வழியே ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே கொப்பளிக்கச் செய்யும். இந்த வட்டாரத்தின் பல போர்வெல்களில் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாகும். மெட்ரோ தண்ணீரில் கழுவித் துடைத்து, உடனே காயவைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வெற்றுத் தகட்டை இந்த ஈரக்காற்றில் இரவு முழுக்க விட்டால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும்.

ரெட் ஆக்சைடு மலிவு. ஆனால் தரைக்கு அடியிலும் சக்கரத்தின் மேலும் எபாக்ஸி பிரைமர் நீண்ட நாள் நிற்கும். இணைப்பு வரிகளில் சீலன்ட், அதன் மேல் பெயிண்ட், அடிப்புறம் அதற்கான ரப்பர் அல்லது தார் பூச்சு என்பது வரிசை. துருவின் மேலேயே தார் பூசினால் ஈரம் உள்ளே பூட்டிக்கொள்ளும். பெட்டிச் சட்டங்களுக்குள் நீள் குழாய் வழியாக மெழுகுப் பூச்சைப் பீய்ச்சலாம். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடிப்பதுண்டு. அது ரப்பர் புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் உப்பவைக்கும், தூசியையும் சேர்க்கும். பட்டி என்பது சின்னப் பள்ளத்தை நிரவ மட்டுமே. ஓட்டையை அடைக்க அல்ல.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சரக்கு வாகனத்துக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். பெரும்பாலான டிங்கரிங் அந்த நாளை ஒட்டி அவசரமாக நடப்பதால்தான் மூடித்தகடும் பட்டியும் பெருகுகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன், கோடையிலேயே பாயைத் தூக்கிப் பார்த்து, வடிதுளைகளைக் குத்திவிட்டு, அடிப்புறத்தை நன்னீரில் கழுவினால் வேலை உப்புத்தாளோடு முடிந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டிக்கும், மீனும் உரமும் ஏற்றிய வண்டிக்கும் அந்தக் கழுவல் அன்றன்றைக்கே வேண்டும். தரை, தூண், கேபின் தாங்கி மூன்றும் சேர்ந்து போயிருந்தால் ஒட்டுப்போடும் கூலியைவிட, நல்ல நிலையிலுள்ள பழைய கேபின் ஒன்றை வாங்கி மாற்றுவதே சிக்கனம்.

(அடுத்த வாரம்: டீசல் டேங்கும் பிரேக் குழாய்களும்)