காமராஜர் கடைசி வரை எம்.பி-யாக இருந்த தொகுதி... இப்போது வரைபடத்திலேயே இல்லை!

1967 சட்டமன்றத் தேர்தல். சொந்த ஊரான விருதுநகரில் காமராஜர் தோற்றுப்போனார். ஜெயித்தவர், தி.மு.க-வின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன். வாக்கு வித்தியாசம் வெறும் 1,285. ஒன்பது ஆண்டுகள் முதல்வராக இருந்தவர், டெல்லியில் இரண்டு பேரைப் பிரதமராக்கியதில் பெரும் பங்கு வகித்தவர்... சொந்த மண்ணிலேயே இப்படியா என்று தமிழகமே திகைத்தது.

அந்த நேரத்தில் அவருக்குக் கைகொடுத்த ஊர், நாகர்கோவில்.

அந்தத் தொகுதியின் எம்.பி-யாக இருந்த மார்ஷல் நேசமணி 1968 ஜூன் மாதம் காலமானார். 1969 ஜனவரியில் இடைத்தேர்தல். மாநிலத்தில் ஆட்சி தி.மு.க-வுடையது. அப்படியிருந்தும் காமராஜர் சுமார் 1,28,000 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். விருதுநகரின் அந்த 1,285-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும்!

நேசமணி யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலின்போது நாகர்கோவில் தமிழ்நாட்டிலேயே இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழர் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் சார்பில் நின்று வென்றவர் அவர். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பறிபோயின. 1956 நவம்பர் 1-ல்தான் குமரி மாவட்டம் நம்மோடு இணைந்தது. 1957-ல் காங்கிரஸின் தாணுலிங்க நாடார் ஜெயித்தார். அதன்பின் 1962, 1967 இரண்டிலும் மீண்டும் நேசமணி, இந்த முறை காங்கிரஸ் வேட்பாளராக. தி.மு.க அலை அடித்த 1967-ல் மாநிலம் முழுக்க காங்கிரஸுக்குக் கிடைத்த எம்.பி-க்கள் மூன்றே பேர். அதில் ஒன்று நாகர்கோவில்.

1971-ல் நிலைமை இன்னும் மோசம். காங்கிரஸ் இரண்டாக உடைந்து, இந்திரா காந்தி தி.மு.க-வோடு கைகோத்திருந்தார். காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் தமிழ்நாட்டில் பிடித்த ஒரே மக்களவைத் தொகுதி நாகர்கோவில்தான். வென்றவரும் காமராஜரேதான். 1975 அக்டோபர் 2-ல் மறையும்வரை அவர் இந்தத் தொகுதியின் எம்.பி.

1977-ல் குமரி அனந்தன். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசும் உரிமைக்காக வாதாடியவர். அடுத்து வந்தது டென்னிஸ் காலம். 1980 தொடங்கி 1998 வரை தொடர்ந்து ஆறு வெற்றிகள். நான்கு முறை காங்கிரஸ், கடைசி இரண்டு முறை மூப்பனாரின் த.மா.கா.

1999-ல் பா.ஜ.க-வின் பொன்.ராதாகிருஷ்ணன் வென்றார். 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின். காங்கிரஸ், ஜனதா, பா.ஜ.க, கம்யூனிஸ்ட் என எல்லோரும் வந்துபோன இந்தத் தொகுதியில், தி.மு.க-வோ அ.தி.மு.க-வோ ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. தமிழ்நாட்டில் இது அபூர்வம்!

2008-ல் தொகுதி மறுசீரமைப்பு. நாகர்கோவில் என்ற பெயர் போய், 'கன்னியாகுமரி' வந்தது. வெறும் பெயர் மாற்றம் இல்லை இது. அதுவரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி, திருச்செந்தூர் மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. அதாவது, முக்கடலும் கூடும் முனையில் வசித்தவர்கள், பக்கத்து நாகர்கோவிலுக்கு இல்லாமல் திருச்செந்தூருக்கு எம்.பி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். 2009-ல்தான் மாவட்டம் முழுவதும் ஒரே எம்.பி-க்கு வாக்களித்தது.

அந்த முதல் தேர்தலிலேயே வென்றது தி.மு.க-வின் ஹெலன் டேவிட்சன். 2014-ல் பொன்.ராதாகிருஷ்ணன் திரும்பி வந்தார். 2019-ல் குமரி அனந்தனின் தம்பி வசந்தகுமார் வென்றார். 2020 ஆகஸ்டில் கொரோனா அவரைக் கொண்டுபோக, 1969-க்குப் பிறகு குமரி மண் மறுபடியும் ஒரு எம்.பி இடைத்தேர்தலைச் சந்தித்தது. 2021-ல் நடந்த அந்தத் தேர்தலில் ஜெயித்தவர், அவர் மகன் விஜய் வசந்த்.