பட்டுப்போன கன்றுக்கும் கணக்கு உண்டு!

‘கன்று நல்லாத்தான் விற்குது. கையில காசு நிக்க மாட்டேங்குதே?’ கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா ஒட்டுக்கன்று உற்பத்தி பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்ட நாற்றங்கால்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. பதில், பட்டுப்போன கன்றுகளில் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. போன பருவத்தில் ஒட்டுக்கட்டி, விற்பனைக்குத் தேறாமல் நிற்பவை 2,000 கன்றுகள். அவற்றுக்கு ஏற்கெனவே ஆன செலவு 36,000 ரூபாய். இந்தப் பருவத்தில் புதிதாக 8,000 கன்றுகள். வேர்ச்செடி, பை, மண், ஒட்டுக்குச்சி, கூலி, தண்ணீர் என எல்லாவற்றுக்கும் இந்தப் பருவச் செலவு 2,64,000 ரூபாய். பழையதும் புதியதும் ஒரே பந்தலில் கலந்து நிற்பதால், தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. மொத்தம் 3,00,000 ரூபாயை 10,000 கன்றுகளால் வகுத்தால், ஒரு கன்றுக்குச் சராசரி 30 ரூபாய்.

பலரும் இதோடு நிறுத்திவிட்டு, 36 ரூபாய்க்கு விற்றால் 6 ரூபாய் லாபம் என்று நினைக்கிறார்கள். ஆனால், விற்பனைக்குத் தேறியவை 7,500 கன்றுகள்தான்!

பட்டுப்போன 2,500 கன்றுகளில் இரண்டு வகை உண்டு. எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் வழக்கமாக ஒட்டுப் பிடிக்காமல் போகிறவை 2,000. இது இயல்பான சேதாரம். நகைக்கடையில் சேதாரத்தை விலையில் சேர்ப்பதுபோல, இந்த 60,000 ரூபாயைத் தேறிய கன்றுகள் மேல் ஏற்ற வேண்டும். 2,25,000 ரூபாயோடு 60,000 சேர்ந்து 2,85,000 ஆகிறது. அதை 7,500-ஆல் வகுத்தால், ஒரு கன்றின் உண்மையான அடக்கவிலை 38 ரூபாய். 36 ரூபாய்க்கு விற்றால் கன்றுக்கு 2 ரூபாய் நட்டம்!

மீதி 500 கன்றுகள், மோட்டார் பழுதாகித் தண்ணீர் இல்லாமல் காய்ந்தவை. இது அசாதாரண சேதாரம். இந்த 15,000 ரூபாயை விலையில் ஏற்றக் கூடாது. தனி நட்டமாக எழுத வேண்டும். அப்போதுதான் மோட்டாரைச் சரியாக வைத்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது தெரியும்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒட்டுப் பிடிக்காவிட்டாலும் வேர்ச்செடி உயிரோடு இருந்து, மறுபடி ஒட்டுக்கட்ட முடிந்தால் அது சேதாரம் ஆகாது, நடப்புக் கன்றுதான். பருவ முடிவில் பாதி வேலை முடிந்து நிற்கும் கன்றுகளுக்கு, பை, மண் செலவை முழுதாகவும், கூலி, தண்ணீர் செலவைப் பாதியாகவும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கன்று எப்போது, எதனால் பட்டது என்று அன்றன்றே நோட்டில் குறித்து வைத்தாலே, அடுத்த பருவத்துக்கு விலை சொல்லும்போது தடுமாற்றம் இருக்காது.