பாலாற்றங்கரை – 12
மலைக்குள் அடங்கிய அக்கினி

ஜவ்வாது மலைக் காடுகளிலிருந்து கடுக்காய் மூட்டைகள் இறங்கி, ஆவாரம்பட்டைச் சுமைகளோடு சேர்ந்து, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களின் தோல் ஷாப்புகளை அடைந்த விதத்தைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தியிருந்தேன். மரத்தைப் பற்றியும் பட்டையைப் பற்றியும் அவ்வளவு விஸ்தாரமாகப் பேசிவிட்டு, அம்மரங்களைத் தாங்கி நிற்கும் மலைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போவது நியாயமாகாது. ஆகையால் இவ்வாரம், இப்பிரதேசத்தின் பூர்வகால எரிமலைப் பாறைகளையும் அருகிலுள்ள அருவிகளையும் ஒருசேரக் காண்பதற்காகச் சில நாட்கள் நாங்கள் மேற்கொண்ட யாத்திரையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர், பூகர்ப்ப சாஸ்திரம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். உடன் வந்தவர்களில் பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள், கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். தோல் பதனிடும் சுண்ணாம்புக் குழிகளின் ஓரத்திலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த பேரணாம்பட்டுப் பெரியவர் ஒருவரும் இருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றே அழைத்தோம். புறப்படும்போதே பேராசிரியர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்திய எல்லைக்குள் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான்; அது போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில், மனிதர் வசிக்காத பாரன் தீவில் இருக்கிறது; 1787ஆம் ஆண்டில் அது கக்கிய நெருப்பைக் கப்பலில் சென்றவர்கள் கண்டு எழுதி வைத்தார்கள்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறங்கிப்போன அது 1991இல் மறுபடியும் விழித்துக்கொண்டது. நம் பக்கத்திலோ, அக்கினி அடங்கிக் கோடிக்கணக்கான வருஷங்கள் ஆகிவிட்டன. ஆயினும் அது விட்டுச் சென்ற கற்கள் பேசும் என்றார் அவர்.

பேரணாம்பட்டிலிருந்து மலைப்பாதை ஏறி, வெங்கடகிரிகோட்டா வழியாகக் கோலார் தங்கவயல் பக்கம் சென்றோம். அங்கே பெத்தப்பள்ளி என்னும் சிற்றூரின் அருகிலுள்ள பாறைகளை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. எரிமலை வெடித்துச் சிதறியபோது வானில் எறியப்பட்ட கற்துண்டுகள், சாம்பலோடு கீழே விழுந்து, ஒன்றோடொன்று இறுகி ஒரே பாறையாகிப் போன காட்சியை அங்கே பிரத்தியட்சமாகக் காணலாம். அதே வட்டாரத்தில் தலையணைக் குழம்புப் பாறைகளும் உண்டு. அவை நீருக்கடியில் பொங்கி வழிந்த எரிக்குழம்பு, மேற்புறம் சட்டெனக் குளிர்ந்து உருண்டை உருண்டையாகத் திரண்டதால் உண்டானவை. சுமார் 270 கோடி வருஷங்களுக்கு முன், பாலாறு என்ற ஒன்று தோன்றுவதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்னரே, இந்தப் பூமியில் நெருப்பும் நீரும் சந்தித்ததற்கு அவை சாட்சி.

இந்த எரிமலைப் பாறை அடுக்குகளின் ஊடேதான் கோலாரின் தங்கம் ஓடியது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சுரங்கம் தோண்டத் தொடங்கியதும், பழைய வட ஆர்க்காட்டு ஜில்லாவின் கிராமங்களிலிருந்து, நிலமற்ற ஏழை ஜனங்கள், அவர்களிலும் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், குடும்பம் குடும்பமாக அங்கே சென்றார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் சொந்தச் சரித்திரம். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறையின் உஷ்ணத்தில் வெந்து அவர்கள் தங்கம் எடுத்தார்கள். அச்சுரங்கங்களின் இயந்திரங்களை ஓட்டுவதற்காக, 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் உற்பத்தி செய்து, நூற்று நாற்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் கம்பி வழியே கொண்டுவந்தார்கள். ஆசியாவில் அவ்வளவு தூரம் மின்சாரத்தை எடுத்துச் சென்றது அக்காலத்தில் பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. பூர்வகால எரிமலையின் வயிற்றிலிருந்த தங்கத்தை ஓர் அருவியின் வேகம் மேலே தூக்கியது என்று சொன்னால் அது அலங்காரமன்று, நடந்த செய்தி. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பல தலைமுறை உழைப்பைக் கொட்டிய அம்மக்களுக்குப் பிறகு எஞ்சியது, ரசாயனம் கலந்த மண்மேடுகளும், தினந்தோறும் பெங்களூருக்குப் போய்வரும் ரயில் பயணமுமே என்பதை நினைக்கும்போது, அத்தங்கத்தின் பிரகாசத்தை என்னால் வியக்க முடியவில்லை.

தங்கவயலின் பக்கத்திலேயே பேத்தமங்கலம் ஏரி இருக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, மூன்று மாநிலங்களைக் கடந்து, 348 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு முதன்முதல் பெரிதாகத் தேக்கப்படும் இடங்களில் அது ஒன்று. அதன் கரையில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. மறுநாள் கண்ட கைகல் அருவியைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். பலமநேருக்கும் குப்பத்துக்கும் இடையே, கவுண்டன்ய வனவிலங்குச் சரணாலயக் காட்டில், யானைகள் நடமாடும் இடத்தில், பாறை மேடையிலிருந்து அது குதித்து விழுகிறது. கைகல் ஓடையும் கவுண்டன்ய நதியும் பாலாற்றின் துணையாறுகள். கவுண்டன்ய நதி மோர்தானா அணையில் தேங்கிக் குடியாத்தம் வழியாக இறங்குகிறது. குடியாத்தத்து நெசவாளியும் விவசாயியும் தங்கள் தண்ணீர் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்பதை ஒரு முறையேனும் நேரில் காண வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கைகலுக்குப் பின் எங்கள் பயணம் ஏலகிரிக்கு. ஜோலார்பேட்டையிலிருந்து பார்த்தால் கிழக்கே எழுந்து நிற்கும் அம்மலையை அறியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. பாரி, கம்பர் என்று பெயர் சூட்டப்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் புங்கனூர் ஏரியில் படகு விட்டு, பலாப்பழம் வாங்கிக்கொண்டு திரும்புவதே அங்கே செல்வோரின் வழக்கம். பேராசிரியரோ ஏரிக்குப் போகும் முன்பே, பாதைக்காக மலையை வெட்டிய இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் செய்தார். அதன் பெயர் சயனைட். பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த அக்கினிக் குழம்பு, தரைமட்டத்தை எட்டாமல் நடுவழியிலேயே தேங்கி, மிக மிக மெதுவாகக் குளிர்ந்ததால், அதன் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. இது நடந்து சுமார் 75 கோடி வருஷங்கள் ஆகின்றன. அதன் மேலே அன்று மூடியிருந்த பாறைகளையெல்லாம் மழையும் வெயிலும் காற்றும் கோடி கோடி வருஷங்களாகச் சுரண்டி அகற்றிய பிறகு, உள்ளே புதைந்திருந்த கெட்டியான பகுதி மலையாக வெளிப்பட்டு நிற்கிறது. நாம் ஏலகிரியின் உச்சி என்று எண்ணி நிற்கும் இடம், ஒரு காலத்தில் பாதாளம்.

இனிச் சேவத்தூருக்கு வருகிறேன். இந்த யாத்திரையின் ஜீவன் எனக்கு அங்கேதான் இருந்தது. திருப்பத்தூருக்கு அருகில், வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த இந்தச் சாமானிய ஊரின் பெயர், உலகத்துப் பூகர்ப்ப விஞ்ஞானிகளுக்குப் பரிச்சயமானது. பிறை வடிவில் இங்கே பரவிக் கிடக்கும் கார்பனடைட் என்னும், அக்கினிக் குழம்பில் பிறந்த பாறையைப் பற்றி 1971இல் ரஷ்ய, இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதினார்கள். பேராசிரியர் ஒரு சிறு குப்பியிலிருந்து நீர்த்த அமிலத்தை அக்கல்லின்மேல் ஒரு சொட்டு விட்டார். கல் சீறி நுரைத்தது. பாய் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து கேட்டார்:

"சார், இது சுண்ணாம்புக் கல்லுதானே? நாப்பது வருசம் சுண்ணாம்புல காலு வெந்தவன் நான். கடல்ல கெடந்த சிப்பியும் கிளிஞ்சலும்தான் சுண்ணாம்பு ஆவுதுன்னு சொல்லுவாங்க. இது நெருப்புல பொறந்துச்சுன்னு நீங்க சொல்றீங்களே, அது எப்படி?"

பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாய், நீங்க கேட்ட இந்தக் கேள்வியைத்தான் பெரிய பெரிய விஞ்ஞானிகள் எல்லாரும் கேட்டு, ரொம்ப காலம் சண்டை போட்டாங்க" என்று தொடங்கி அவர் விளக்கினார். சுண்ணாம்புச் சத்துள்ள கல் குழம்பாக உருகி வர முடியும் என்பதையே அறிஞர் பலர் நம்ப மறுத்தார்கள். ஆப்பிரிக்காவில், தான்சானியா தேசத்தில், ஓல் தோயின்யோ லெங்காய் என்னும் எரிமலை கக்கும் குழம்பு கார்பனேட்டே என்பதை 1960இல் அதன் வாய்க்குள் இறங்கிப் பார்த்தவர்கள் கண்டறிந்த பின்னரே அந்த வாதம் அடங்கத் தொடங்கியது. மற்ற எரிமலைகளின் குழம்பு இதைவிட அதிக வெப்பத்தில் கொதிக்க, இதன் குழம்போ 500 முதல் 600 டிகிரி வெப்பத்திலேயே கருநிறமாக ஓடி, ஈரம் பட்டதும் சில நாட்களில் வெளுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட எரிமலை இன்று உலகத்தில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். அக்குழம்பில் சோடியம் மிகுதி. சேவத்தூரில் உறைந்து கிடப்பதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. பாய் அக்கல்லில் ஒரு சில்லைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே சேவத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெர்மிகுலைட் வெட்டி எடுத்திருக்கிறது. பொன்னிறம் கலந்த பழுப்புத் தகடுகளாக இருக்கும் அது, முதலில் அக்கினிக் குழம்பு தந்த அபிரகம். பின்னர் மழைநீர் அதன் இதழ்களுக்கிடையே புகுந்து, யுகக்கணக்கில் அதை மாற்றியது. ஊர்த் தேநீர்க் கடைக்காரரிடம் அடுப்பைக் கேட்டு வாங்கி, ஒரு தகரத்தின்மேல் சிறிதளவு தூவிச் சூடேற்றியபோது, நெல் பொரிவதைப் போல அத்தகடுகள் பிரிந்து பல மடங்காகப் பருத்தன. இதழ்களுக்குள் அடைபட்டிருந்த நீர் ஆவியாகி அவற்றைப் பிளந்து விரித்ததே காரணம். இவ்வாறு பொரிந்த பின் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் நாற்றங்கால் தொட்டிகளிலும், வெப்பத்தைத் தடுக்கும் என்பதால் உலைகளைச் சுற்றியும் பயன்படுகிறது. நெருப்பு செய்ததை நீர் திருத்திய அந்தத் தகட்டைக் கண்ட பின், இவ்விரண்டையும் பகையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஜலகம்பாறை. ஏலகிரியில் பிறக்கும் ஆட்டாறு மலையின் மறுபக்கத்தில் இறங்கும்போது, முருகன் கோயிலை அடுத்த பாறையிலிருந்து அருவியாக விழுகிறது. உயரத்தில் இதை விஞ்சும் அருவிகள் தமிழ்நாட்டில் பல உண்டு. எங்களூர் ஏழைத் தொழிலாளி ஆடி, கார்த்திகை நாட்களில் பெண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்து, அதிகச் செலவின்றி நனைந்து மகிழக்கூடிய அருவி இதுவே என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரீதி. மழை பொய்த்த ஆண்டில், கோடைக்கு வெகு முன்னரே இதன் பாறை உலர்ந்துவிடும். 75 கோடி வருஷங்களுக்கு முன் உறைந்த பாறையின் மேல் ஓடும் நீர், ஒரே ஒரு பருவ மழையை நம்பி இருக்கிறது.

தோலைப் பதனிட்டுப் பிழைக்கும் நம் ஊர்களுக்கு இது சாதாரண விஷயமன்று. பாலாற்றின் ஊற்றுநீரை நம்பியே இத்தொழில் இக்கரையில் வேரூன்றியது. அதன் கழிவே அந்த ஊற்றைக் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி வேலூர் குடிமக்கள் நலச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவனே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் தர்மத்தை இத்தேசத்தின் சட்டத்தில் நிலைநாட்டியது. ஆயினும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அந்நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இன்று இக்கரையில் பலர் குடிப்பது காவிரி நீர். 2019இல் சென்னையின் தாகத்துக்காக ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஏற்றப்பட்டதும் அந்தக் காவிரி நீரே.

தமிழ்நாட்டில் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாகத் திருவக்கரைக் கல்மரங்கள், சாத்தனூர்க் கல்மரம், காரைப் பகுதியின் அரிமானப் பள்ளங்கள், பரங்கிமலைச் சார்னோக்கைட் ஆகியவை பாதுகாக்கப்படுகின்றன. சேவத்தூர் அவ்வரிசையில் இல்லை. வெட்டிய குழிகளின் ஓரம் மட்டுமாவது வேலியிட்டு, தமிழில் ஒரு விளக்கப் பலகை நாட்டி, அக்கார்பனடைட் பாறையையும் ஏலகிரிச் சயனைட்டையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையையும் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அடுத்த சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைத் தூர தேசத்துக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் முன், ஒரு நாள் சேவத்தூருக்கும், மழை பெய்த ஒரு வாரத்தில் ஜலகம்பாறைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

(தொடரும்)