யாருக்கு எந்தப் புத்தகம்?

மும்பைத் தமிழர்களிடம் புத்தகம் படிப்பது பற்றிப் பேச்செடுத்தால், "நேரம் எங்கே இருக்கிறது?" என்ற பதில்தான் முதலில் வரும். நேரம் இருக்கத்தான் செய்கிறது. கல்யாணில் இருந்து சி.எஸ்.எம்.டி. வருவதற்கு மின்சார ரெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. திரும்பிப் போகவும் அதே அளவு நேரம். ஊருக்குப் புறப்பட்டாலோ நாகர்கோவில் எக்ஸ்பிரசில் முப்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தை எல்லாம் இப்போது செல்போன் விழுங்கி விடுகிறது.

உண்மையான சிக்கல் வேறு. எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. யாரோ பெரிதாகச் சொன்னார்கள் என்று எழுநூறு பக்க நாவலை வாங்குகிறோம். இருபதாம் பக்கத்தில் அலுத்துப்போய் அலமாரியில் வைத்து விடுகிறோம். "எனக்கும் புத்தகத்துக்கும் ஒத்து வராது" என்று முடிவும் கட்டி விடுகிறோம். செருப்பு வாங்கும்போது கால் அளவு பார்க்கிறோம் அல்லவா? புத்தகத்துக்கும் அப்படி அளவு பார்க்க வேண்டும்.

தமிழில் வந்த புத்தகங்களில், ஆளுக்குத் தகுந்தபடி சிலவற்றை இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ, அவர்களுக்குத் தகுந்ததை எடுத்துக் கொள்ளுங்கள்.

நேரம் இல்லை என்பவருக்கு

ஜெயமோகன் எழுதிய 'அறம்' சிறுகதைத் தொகுதி. 2011-ல் வந்தது. உண்மையில் வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதிய கதைகள். ஒரு கதையை ஒரே மூச்சில் படித்து விடலாம்.

இதில் உள்ள 'சோற்றுக்கணக்கு' என்ற கதையை வெளியூரில் பிழைக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போன ஏழை மாணவன், பசியோடு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறான். கடைக்காரர் கெத்தேல் சாகிப் யாரிடமும் காசு கேட்பதில்லை. உண்டியல் பெட்டி ஒன்று இருக்கும். விருப்பம் இருந்தால் போடலாம். போடாவிட்டாலும் மறுநாள் அதே சோறு, அதே மீன், அதே கவனிப்பு.

எங்கள் பார்சல் ஆபீசில் இரவு வேலையின்போது இந்தக் கதையை மூன்று இரவுகளாக வாய்விட்டுப் படித்தோம். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கதை முடிந்ததும் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பாய் கடை இப்பவும் இருக்கா அண்ணே?" என்று கேட்டார். மறுவாரம் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனார். மகளை அல்ல, தன்னையே படிக்கச் சொல்லிப் பார்க்கிறாராம். மெதுவாகத்தான் போகிறதாம். போகட்டுமே!

அதே தொகுதியில் 'யானை டாக்டர்' என்ற கதையும் இருக்கிறது. காட்டு யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஊரை நினைத்துக் கொண்டிருப்பவருக்கு

நம்மில் பெரும்பாலோர் நெல்லை, தூத்துக்குடி பக்கத்தில் இருந்து வந்தவர்கள். சோ.தர்மன் எழுதிய 'சூல்' நாவல் நம் ஊர்க் கதை. உருளைக்குடி என்ற கரிசல் கிராமம், அதன் கண்மாய், கண்மாயை நம்பி வாழ்ந்த சனங்கள். தண்ணீரைப் பங்கிட்டவர் யார், கரையைக் காத்தவர் யார், அந்த ஏற்பாடு எப்படிச் சீர்கெட்டது என்பதை எல்லாம் கதையோடு கதையாகச் சொல்கிறார். 2019-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. தாத்தா பாட்டி பேசிய பேச்சு அப்படியே இருக்கும். ஊரில் தண்ணீர் வற்றித்தான் நம் அப்பா ரெயில் ஏறினார் என்றால், அந்தக் கணக்கு இந்தப் புத்தகத்தில் எங்கோ இருக்கிறது.

கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி'. பாகப் பிரிவினையில் வஞ்சிக்கப்பட்ட கடைசித் தம்பி முத்து, மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு வேறு நிலம் தேடிப் புறப்படுகிறான். பிறந்த மண்ணை விட்டு வேற்றிடத்தில் கால் ஊன்றுவது எவ்வளவு கடினம் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் 25 லட்ச ரூபாய் மதிப்புள்ள ஜே.சி.பி. இலக்கியப் பரிசு பெற்றது.

சரித்திரப் பிரியர்களுக்கு

'பொன்னியின் செல்வ'னை மூன்று முறை படித்து முடித்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்து எடுக்க வேண்டியது சு.வெங்கடேசனின் 'வேள்பாரி'. ஆனந்த விகடனில் தொடராக வந்து, இரண்டு பாகங்களாக வெளியானது. பறம்பு மலைப் பாரிக்கும் மூவேந்தர்களுக்கும் நடந்த போர்தான் கதை. காடு, மூலிகை, விலங்கு, போர்த் தந்திரம் என்று விறுவிறுப்புக்குக் குறைவில்லை. மணியம் செல்வனின் ஓவியங்கள் வேறு. ஊருக்குப் போகும் ரெயிலுக்கு ஏற்ற புத்தகம்.

உண்மைச் சரித்திரம் வேண்டும் என்பவர்களுக்கு மு.ராஜேந்திரனின் 'காலா பாணி'. இந்தி தெரிந்த நமக்குப் பெயரிலேயே பொருள் விளங்கிவிடும். வெள்ளையரை எதிர்த்த சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவரோடு பலரையும் 1802-ல் கப்பலில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதோடு பாடப் புத்தகம் கதையை முடித்து விடும். அதற்குப் பிறகு நடந்ததை இந்த நாவல் சொல்கிறது. 2022-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது இதற்குத்தான்.

துப்பறியும் கதை வேண்டுமா?

அதுவும் நம் மும்பையிலேயே நடக்கிற கதை! அம்பை எழுதிய 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு'. சுதா குப்தா என்ற பெண் துப்பறிவாளர் மூன்று வழக்குகளைத் துலக்குகிறார். துப்பாக்கிச் சத்தம், கார் துரத்தல் எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். நாம் தினமும் பார்க்கும் ரெயில் நிலையமும் அடுக்குமாடி வீடும்தான் களம். அங்கே குடும்பங்களுக்குள் மூடி வைத்திருக்கும் சங்கதிகள்தான் மர்மம்.

அம்பை மும்பையில் வசிப்பவர். அவருடைய 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' சிறுகதைத் தொகுதி 2021-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. வேலைக்குப் போய் வந்து வீட்டு வேலையும் பார்க்கும் பெண்கள் படித்தால், "இது நம்மைப் பற்றி அல்லவா எழுதியிருக்கிறது" என்பார்கள். ஆண்கள் படித்தால் வீட்டில் கொஞ்சம் மரியாதையாக நடந்து கொள்வார்கள்.

மனம் கனத்தாலும் படிக்க வேண்டியது

இமையத்தின் 'செல்லாத பணம்'. என்ஜினீயரிங் படித்த பெண் வீட்டாரை எதிர்த்து ஆட்டோ டிரைவரை மணக்கிறாள். பின்னர் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரப்படுகிறாள். பணம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் வார்டு வாசலில் காத்துக் கிடக்கும் குடும்பத்தின் கதை. 2020-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. பெண்ணைப் பெற்றவர்கள் அவசியம் படிக்க வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் எடுக்காதீர்கள், தூக்கம் வராது.

கதையே பிடிக்காதவருக்கு

"கற்பனை எதற்கு? நடந்ததைச் சொல்லுங்கள்" என்பவர்கள் உண்டு. ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' அவர்களுக்கானது. 2024-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற ஆராய்ச்சி நூல். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் நெல்லையில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் மாண்டனர். அதற்குச் சில நாட்கள் முன்புதான் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றிருந்தார்கள். சுதேசிக் கம்பெனிக்குக் கப்பல் வாங்க வ.உ.சி. வந்த ஊர் இந்த மும்பைதான் என்பதும் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்குச் சந்தையில் போட நினைப்பவர்கள், யாரோ சொன்னார் என்று இறங்காமல் சோம.வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பண'த்தை முதலில் படிக்கலாம். சாப்பாட்டில் கவனம் உள்ளவர்களுக்கு டாக்டர் கு.சிவராமனின் 'ஆறாம் திணை'. கம்பும் கேழ்வரகும் இங்கே பஜ்ரி, நாச்சணி என்ற பெயரில் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. எனவே அவர் சொல்வதைச் செய்து பார்ப்பதும் சுலபம்.

பிள்ளைகளுக்கு

இதுவரை சொன்னது பெரியவர்களுக்கு. இனிமேல் சொல்வதுதான் முக்கியம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் இந்தி பேசுகிறார்கள். பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். தமிழ் காதில் விழுந்தால் புரியும். கண்ணில் பட்டால் புரியாது. ஊரில் இருந்து ஆச்சி செல்போனில் நாலு வரி தமிழில் அனுப்பினால், அப்பா வேலை முடிந்து வந்து படித்துச் சொல்லும்வரை அது அப்படியே கிடக்கிறது. இந்த நிலை இன்னும் ஒரு தலைமுறை நீடித்தால், நம் வீடுகளில் தமிழ் எழுத்து கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் இருக்கும். அதையும் படிக்க ஆள் இராது.

"தமிழ் படி" என்று அதட்டினால் படிக்க மாட்டார்கள். படிக்கும் ஆசை வருகிற மாதிரி கதை கையில் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துத் தெரியாத சிறு பிள்ளைக்கு இரு மொழிப் படப் புத்தகங்கள் வாங்குங்கள். சென்னைத் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் உள்ள படக் கதைகளை வெளியிடுகிறது. பிள்ளை ஆங்கிலத்தைப் படிக்கட்டும். நீங்கள் தமிழைப் படியுங்கள். சில நாளில் விரல் தானாகத் தமிழ் வரிக்குப் போகும். காசு செலவழிக்க முடியாதவர்கள் பிரதம் புக்ஸ் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். செல்போனுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்'. 2024-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி பால புரஸ்கார் விருது பெற்ற சிறுவர் கதைத் தொகுதி.

பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை வைத்து எழுதப்பட்டது. கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் தமிழி எழுத்தில் இருப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரைத்தான் கதைக்குள் கொண்டு வந்திருக்கிறார். 2023-ம் ஆண்டுக்கான பால புரஸ்கார் இதற்குக் கிடைத்தது. ஆசிரியர் ரெயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்தவர் என்பதில் எங்களுக்கு எல்லாம் ஒரு தனிப் பெருமை!

பெண் குழந்தை, ஆண் குழந்தை இருவருக்கும் யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. தப்பான எண்ணத்தோடு தொடுகிறவர்களிடம் இருந்து குழந்தை தன்னை எப்படிக் காத்துக் கொள்வது என்பதை ஒரு மரப்பாச்சி பொம்மை மூலம் பயமுறுத்தாமல் சொல்கிறது. 2020-ம் ஆண்டுக்கான பால புரஸ்கார் பெற்றது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்டுப் பிள்ளையை அக்கம்பக்கத்தில் விட்டுச் செல்லும் குடும்பங்கள் இங்கே ஏராளம். முதலில் பெற்றோர் படித்துவிட்டுப் பிறகு பிள்ளையிடம் கொடுங்கள்.

வாங்குவது எப்படி?

மும்பையில் தமிழ்ப் புத்தகக் கடைகள் குறைவு. ஆனால் பெரும்பாலான பதிப்பகங்கள் பணம் கட்டினால் தபாலில் அனுப்பி வைக்கின்றன. பொங்கலை ஒட்டி ஊருக்குப் போகிறவர்கள் சென்னை புத்தகக் காட்சிக்கு ஒரு நடை போய் வரலாம். 1977 முதல் நடந்து வருகிறது. வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

தனியாக வாங்கக் கட்டுப்படி ஆகாது என்றால் சேர்ந்து வாங்குங்கள். சீட்டுப் போடுவது நமக்குப் பழக்கமான காரியம்தானே? ஒரே கட்டடத்தில் இருக்கும் பத்துக் குடும்பங்கள் மாதம் ஐம்பது ரூபாய் போட்டால் மாதம் ஐந்நூறு ரூபாய். பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று வாங்கி வீடு வீடாகச் சுற்றுக்கு விடலாம். ஆண்டு முடிவில் இருபது புத்தகமாவது சேர்ந்து விடும். அதைச் சங்கத்துக்கோ, தமிழ் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கோ கொடுத்துவிட்டு அடுத்த சீட்டைத் தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிள்ளை கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாம் செல்போனைப் பார்த்துக் கொண்டிருந்தால் அந்தப் புத்தகம் திறக்கப்படாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் வீட்டில் யாராவது ஒருவர் வாய்விட்டுப் படியுங்கள். மற்றவர்கள் கேட்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.