வைகாசி வெயிலில் பனிச்சறுக்கு

ஜூன் மூன்றாவது வாரத்து உச்சிப்பொழுதில், செஞ்சிக்கு மேலே சூரியன் சுமார் 79 டிகிரி உயரத்தில் நிற்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் ரோத்தங் கணவாய்க்கு மேலே அது 81 டிகிரியில் இருக்கிறது. செஞ்சிக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் நான்காம் வாரத்தில். அதன்பின் வடக்கே நகர்ந்துவிடும் சூரியன் ஆகஸ்டில்தான் மறுபடி தலைக்கு மேல் வரும். ஆக, கோடை முற்றும்போது செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகளைவிட இமயத்துக் கணவாயின்மேல்தான் வெயில் செங்குத்தாக விழுகிறது. 3,978 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதன் உறைப்பும் கூடுதல். அந்த வெயிலில்தான் ரோத்தங்கில் மே மாதம் முழுக்கப் பனி கிடக்கிறது. பனி நிறையப் பெய்த ஆண்டுகளில் ஜூனிலும் கிடக்கும். மணாலிக்குச் செல்லும் சமவெளிக்காரர்கள் வாடகைக் கோட்டும் பூட்சும் மாட்டிக்கொண்டு, ஸ்கீ பலகையின்மேல் வாழ்க்கையின் முதல் அடியை வைத்துப் பார்க்கும் இடமாகப் பல காலம் அது இருந்துவந்திருக்கிறது.

உயரம் கூடினால் குளிரும் என்பது பள்ளிப் பாடம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று கணக்கிட்டால், செஞ்சியில் 40 டிகிரி கொதிக்கும் நாளில் 4 கிலோமீட்டர் உயரத்துக் காற்று 14 டிகிரியில் இருக்க வேண்டும். அது பனி உருகத் தாராளமாகப் போதும். பனி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கு உயரம் மட்டுமே விடையல்ல.

முதற்காரணம் வெண்மை. புதிதாய் விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அடுத்தது உருகலுக்கு ஆகும் வெப்பச் செலவு. பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை வெறும் தண்ணீராக்கவே 334 கிலோஜூல் ஆற்றல் தேவை. அதே வெப்பத்தில் ஒரு கிலோ குளிர்ந்த தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றழுத்தச் சலனங்கள் குளிர்காலம் நெடுகக் கொட்டிச் சேர்த்த பனியைக் கரைக்க, வெயிலுக்கு வாரக்கணக்கில் வேலை இருக்கிறது.

ஆனால் பனியை உண்மையில் காப்பாற்றுவது இரவு.

கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் பளீரென்று வெளுத்திருக்கும் பனி, அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய முழுக் கறுப்பு. பகலில் ஒளியை உதறித்தள்ளும் அதே பரப்பு, இரவில் தன் வெப்பத்தைத் தயக்கமின்றி வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மேகமில்லாத, காற்றில் ஈரமில்லாத இரவாக இருந்தால், பனியின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் பனி இறுகும். செஞ்சிப் பாறையும் இரவில் வெப்பத்தை உமிழத்தான் செய்கிறது. ஆனால் பகலெல்லாம் உள்ளே சேமித்த வெப்பம் அதனிடம் ஏராளம். அந்திக்குப் பிறகும் ராஜகிரிப் படிகள் கால் சுடுவது அதனால்தான். பனிக்கு அப்படியொரு சேமிப்பு கிடையாது.

பகலில் உருகி இரவில் உறையும் இந்தச் சுற்று பல நாள் நடந்தால் பனியின் அமைப்பே மாறிப்போகிறது. ஆறு கைகளோடு விழுந்த படிகங்கள் முதலில் முனை மழுங்குகின்றன. மிகச் சிறிய மணிகளின் உருகுநிலை பெரியவற்றுடையதைவிட நூலிழை குறைவு. எனவே சிறியவை முதலில் கரைகின்றன, பெரியவை அந்த நீரில் வளர்கின்றன. கடைசியில் மிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள உருண்டை மணிகள். இரவில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகும். காலையில் வெயில் பட்டதும் மேலே சில சென்டிமீட்டர் மட்டும் பிரிந்து உதிரும். சறுக்கு வீரர்கள் இதைச் சோளப் பனி என்கிறார்கள். அடியில் உறுதி, மேலே மென்மை. பலகையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது இணங்கிக் கொடுக்கும்.

இந்த இன்பத்துக்கு ஆயுள் குறைவு. விடியற்காலையில் சரிவு கண்ணாடிபோல் கடினமாக இருக்கும். விழுந்தால் பிடிமானம் கிடைக்காது. பத்து மணி வாக்கில் இளகும். நண்பகலுக்குப் பின் கணுக்கால் புதையும் கூழாகிவிடும். அனுபவசாலிகள் காலையில் கிழக்குச் சரிவில் தொடங்கி, வெயில் நகர நகரத் தெற்குக்கும் மேற்குக்கும் மாறிக்கொண்டே போவார்கள். பூட்ஸ் ஆழமாகப் புதைய ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். உருகிய நீர் கீழே இறங்கி அடுக்குகளுக்கிடையே உள்ள பிணைப்பை அறுத்தால், ஈரப்பனிச்சரிவு மொத்தமாகப் பெயர்ந்து வரும். கோடையில் ராஜகிரி ஏறுபவர் விடிந்ததும் புறப்பட்டுப் பாறை காயுமுன் இறங்குகிறார். சறுக்குபவரோ பனி இளகும்வரை காத்திருந்து, கூழாகுமுன் இறங்க வேண்டும்.

சறுக்குவதற்கே கொஞ்சம் தண்ணீர் தேவை. ஃபிராங்க் பவுடனும் டி. பி. ஹியூஸும் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக்கில் சோதனைகள் செய்து 1939இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டார்கள். உராய்வின் சூட்டில் பலகைக்கு அடியில் உண்டாகும் மெல்லிய நீர்ப்படலமே வழுக்கலுக்குக் காரணம் என்றார்கள். நுணுக்கங்களில் விவாதம் இன்னும் தொடர்கிறது. வசந்தகாலத்துச் சிக்கல் இதற்கு எதிர்மாறானது. தண்ணீர் மிகுந்துபோய்ப் பலகையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதனால் அடிப்பரப்பில் நுண்ணிய வரிகள் கீறி நீருக்கு வடிகால் விடுகிறார்கள், நீர் ஒட்டாத மெழுகு பூசுகிறார்கள். ஈரப்பனியில் அபாரமாக வேலைசெய்த ஃபுளோரின் மெழுகுகள் மனித உடலிலும் மண்ணிலும் நெடுங்காலம் தங்குபவை. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அவற்றைத் தடைசெய்தது மிகச் சரியான முடிவு.

ஓடுதளம் கூழாகிவிட்டால் போட்டி நடத்துபவர்கள் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு பட்ட மணிகள் கரையும். கரைவதற்கான வெப்பத்தைப் பக்கத்துப் பனியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தக் குளிர்ச்சியில் சுற்றியுள்ள ஈரம் உறைந்து தளம் கெட்டிப்படும். குல்பிப் பானையைச் சுற்றிப் பனிக்கட்டியோடு உப்புப் போடுவதும் இதே வேதியியல்தான். என்ன, சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும்.

பகல் உருகலுக்கும் இரவு உறைதலுக்கும் இடையிலான சமநிலையைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று அழுக்கு. பாலைவனத் தூசியும் வாகனப் புகையின் கரித்துகளும் படிந்த பழைய பனி, வெயிலில் பாதியைக்கூடத் திருப்பி அனுப்பாது. ரோத்தங்கில் பனி கறுப்பதைக் கவனத்தில் கொண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 பிப்ரவரியில் கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்தது. நாளொன்றுக்கு 1,200 சுற்றுலா வாகனங்கள் என்ற வரம்பு பின்னர் வந்தது. வண்டி கிடைக்காத பயணிகளுக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பனி உருகி பியாஸ் நதிக்கும் செனாப் நதிக்கும் போக வேண்டியது என்பதால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானது.

மற்றொன்று இளஞ்சூடான, மேகம் மூடிய இரவு. வானத்துக்குப் போக வேண்டிய வெப்பத்தை மேகம் திருப்பி அனுப்பிவிடுகிறது. இறுகாத பனி அடுத்த நாள் காலையிலேயே கூழாக இருக்கும்.

இந்தக் கணக்கு ரோத்தங்கோடு நிற்பதில்லை. காஷ்மீரின் குல்மார்கில் கோண்டோலா ரோப் காரின் இரண்டாம் கட்டம் 2005இல் அஃபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை எட்டியது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக இறங்கி, ராட்சத ஸ்லாலமில் 45ஆவதாக வந்த ஆரிஃப் கான் அந்தச் சரிவுகளில் வளர்ந்தவர். அதே குல்மார்க் 2024 ஜனவரியில் பனியில்லாமல் பழுப்பேறிக் கிடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிப்பற்றாக்குறையால் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. குளிர்காலப் போட்டிகள் இப்படி வசந்தத்துக்குள் நகர்ந்தால், தேதி குறிப்பவர்கள் பனியின் ஆழத்தோடு இரவு வானத்தின் முன்னறிவிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.