நகரும் நிபுணரும்: கொழும்பின் வீடமைப்புத் திட்டங்கள் பற்றிய ஒரு குறிப்பு

நகரமொன்று தனது குடியிருப்புப் பிரச்சினைக்கு வழிகாட்டுமாறு வெளியிலிருந்து நிபுணரை அமர்த்துவது சாதாரண நிர்வாக நடைமுறையாகவே கொள்ளப்படுகின்றது. நிபுணர் தந்த விடை விவாதிக்கப்படுகின்றது. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வினா ஆராயப்படுவதில்லை. கொழும்பின் நூறாண்டு அனுபவம் அவ்வினாவையே முதலில் நோக்குமாறு நம்மை வற்புறுத்துகின்றது.

1914இல் கொழும்பிற் பிளேக் நோய் பரவியது. மறு ஆண்டில் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. முடுக்கில் தோன்றும் நோய் கறுவாத்தோட்டத்தையும் எட்டக்கூடும் என்ற அச்சத்தை இங்கு நாம் மறந்துவிடலாகாது.

இப்பின்னணியிலேயே பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்பு நகரமைப்புப் பற்றிய பூர்வாங்க அறிக்கையை வழங்கினார். உயிரியலிலிருந்து நகரமைப்பிற்கு வந்த இந்த ஸ்கொத்லாந்து அறிஞர், அப்போது பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியராக இருந்தார். நெரிசலான குடியிருப்புகளை இடித்துத் தள்ளி நேர்வீதி வெட்டும் பொறியியலாளரை இந்திய நகரங்களிற் கடுமையாக எதிர்த்தவர் அவர். முதலில் அளவாய்வு, பின்னர் தவிர்க்கவியலாத சில வீடுகளை மட்டும் அகற்றிக் காற்றுக்கும் வெளிக்கும் இடந்தருதல். இதுவே அவரது முறை. குடியேற்ற ஆட்சி அழைத்த நிபுணருள் இத்தகைய மனிதநேயர் அரியர். எனினும் அவரது முறை வீதியின் வடிவத்தைத் தொட்டதேயன்றி நிலவுடைமையைத் தொடவில்லை.

1940களின் இறுதியில் அபர்குரொம்பி வகுத்த பிராந்தியத் திட்டம் இரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகியவற்றைத் துணைநகரங்களாகக் கண்டது. வினா மாறவில்லை: மக்களை எங்கே வைப்பது? முதலாளித்துவம் வீட்டுப் பிரச்சினையை இடம் மாற்றுகின்றதேயன்றித் தீர்ப்பதில்லை என எங்கெல்ஸ் 1872இலேயே விளக்கியிருந்தார்.

வினாவை மாற்றியது 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் அப்போது வீடமைப்பு அமைச்சர். வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் அரசைச் சேர்ந்தன. வாடகைக்கிருந்தோர் உரிமை பெற வழி பிறந்தது. இச்சட்டத்தைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அது புதிய வீடுகளைத் தானாகப் பெருக்கவில்லை. வாடகைக்கு வீடு கட்டும் தனியார் நாட்டத்தைக் குறைத்தது. பயன்பெற்றோருள் நடுத்தர வர்க்கத்தினரும் கணிசமானோர். ஆயினும் வீடு யாருடையது என்ற கேள்வியை எழுப்பியது அதுவே.

1977க்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தது. 2010இல் அது பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. சிங்கப்பூர் ஆலோசனை நிறுவனமொன்று 2000களின் தொடக்கத்தில் வகுத்த மேற்குப் பிராந்தியப் பெருநகரத் திட்டம் 2016இற் புத்துருப் பெற்றது. இக்காலத்துச் சொற்களையும் கவனித்தல் தகும். இலக்கிய மாணவனுக்கு அதுவே முதற் பணி. முன்பு முடுக்கு, தோட்டம், வத்தை எனப்பட்டவை அறிக்கைகளிற் ‘குறைசேவைக் குடியிருப்புகள்’ ஆயின. சேவை குறைவெனில், குழாய்நீரையும் கழிவு வடிகாலையும் அங்கே கொண்டு செல்வதே தர்க்கம். நடந்ததோ வேறு: மக்கள் அடுக்குமாடிகளுக்கு அகற்றப்பட்டனர், அவர்களிருந்த நிலம் ‘விடுவிக்கப்பட்ட நிலம்’ ஆகி முதலீட்டாளருக்கென ஒதுக்கப்பட்டது. மக்களிடமிருந்து நிலத்தை விடுவித்தல் என்பதே அத்தொடரின் நேர்ப்பொருள். அவ்வாறு அகற்றப்பட்டோருள் கையிற் காணி உறுதி வைத்திருந்தோரும் அடங்குவர்.